1991 மே 21 ராத்திரி: ராஜீவ் கொலைச் செய்தி வந்தபோது நெல்லைச் சீமை எப்படி இருந்தது?

கொக்கிரகுளத்தான் எழுதியது:

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை. "ராஜீவ் காந்தி செத்த அன்னிக்கு தமிழ்நாடே கதறி அழுதது" என்று சித்தப்பா ஒரு பார்வர்டைப் போட்டார். "ஒருத்தரும் அழலை, எல்லாம் கட்சிக்காரங்க நாடகம்" என்று அத்தை மகன் பதில் போட்டான். சித்தப்பா அப்போது பம்பாயில் இருந்தார். அத்தை மகன் பிறக்கவே இல்லை. ஆனாலும் ரெண்டு பேரும் நேரில் பார்த்த மாதிரி மல்லுக்கு நிற்கிறார்கள்.

எனக்கு அப்போது ஏழு வயது. ரேடியோவில் விடாமல் ஓடிய வீணையும், வாசல் பக்கம் போகக் கூடாது என்று அம்மா போட்ட அதட்டலும்தான் நினைவில் இருக்கின்றன. ஏன் போகக் கூடாது என்று அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் சரியாகத் தெரியாது.

அன்று நெல்லை, பாளை, மேற்கே அம்பை, தென்காசி, தெற்கே வள்ளியூர் பக்கம் இருந்தவர்கள் எழுதுங்கள். சதி யாருடையது, பின்னால் யார் இருந்தார்கள் என்ற கதையெல்லாம் வேண்டாம். அதற்கு யூடியூப்பில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தெருவில், கடையில், வீட்டில் நீங்கள் பார்த்தது போதும்.

பாளை அண்ணாச்சி எழுதியது:

தம்பி, நான் அப்போது அரசாங்க வேலையில் இருந்தேன். நம்ம மாவட்டத்துக்கு அன்று பெயர் நெல்லை கட்டபொம்மன் மாவட்டம். தேர்தல் நேரம். ஜனவரி 30-ஆம் தேதியே திமுக ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். கவர்னர் ஆட்சி. சட்டசபைக்கும் பார்லிமென்டுக்கும் சேர்த்தே ஓட்டு. வடக்கே சில மாநிலங்களில் மே 20-ஆம் தேதி முதல் கட்டம் முடிந்திருந்தது, நமக்கு இன்னும் வரவில்லை. சுவரெல்லாம் சின்னம், தெருவெல்லாம் தோரணம்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி 10.20-க்கு ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. பிபிசி தமிழோசை அதற்கு முன்பே முடிந்துவிடும், அதனால் ரேடியோ வைத்திருந்தவர்களுக்கும் உடனே தெரியாது. முதலில் தெரிந்தது போலீஸ் வயர்லெஸ்ஸுக்கும் பத்திரிகை ஆபீஸ்களுக்கும்தான். நான் ஜங்ஷனில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். பத்திரிகைக் கட்டு ஏற்றும் வேன்காரர் வந்து, பாதிக் குரலில், "ராஜீவ் காந்தியை மெட்ராஸ் பக்கத்துல குண்டு வச்சுக் கொன்னுட்டானுவளாம்" என்றார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமலே கேட்டார்: "யாரு செஞ்சான்னு சொன்னாவளா?"

அவர் மட்டும் இல்லை, அடுத்த பத்து நிமிஷத்தில் அங்கே வந்த ஒவ்வொருத்தரும் அதைத்தான் கேட்டார்கள். "ஐயோ" என்றவர்கள்கூட அதைக் கேட்டுவிட்டுத்தான் "ஐயோ" என்றார்கள். அரை மணி நேரத்தில் கடைக்காரர் அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு, கண்ணாடிப் பாட்டில்களை உள்ளே எடுத்து வைத்தார். பாட்டில்களை ஏன் முதலில் எடுக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. கல் வரும் என்று அவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். கட்டபொம்மன் பஸ்கள் ஒவ்வொன்றாக டெப்போவுக்குள் போயின. நான் பாளைக்கு நடந்தே வந்தேன். சுலோச்சன முதலியார் பாலத்தில் அந்த நேரத்தில் அவ்வளவு பேர் நடந்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்றால், 1984. இந்திரா காந்தியைச் சுட்ட காவலர்கள் சீக்கியர்கள் என்பதற்காக டெல்லியில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அரசாங்கக் கணக்குப்படியே டெல்லியில் மட்டும் 2,733 உயிர். அப்போது காலையில் சுட்டார்கள், வெளிநாட்டு ரேடியோ மதியமே சொல்லிவிட்டது, நம்ம ஆகாசவாணி சாயங்காலம்தான் வாயைத் திறந்தது. அன்று நெல்லையில் கடையடைப்பு இருந்தது, துக்கம் இருந்தது, ஆனால் பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. கொலை நடந்தது டெல்லி, செய்தவர்கள் யாரோ. 1991-இல் கொலை நடந்தது நம்ம தமிழ்நாட்டில். செய்தவர்கள் நம்ம பக்கத்துத் தெருவாகக்கூட இருக்கலாம். அதுதான் வித்தியாசம்.

ரத வீதி எழுதியது:

அண்ணாச்சி சொன்ன அந்தக் கேள்விக்கு எங்கள் தெருவில் விடிவதற்குள் பதில் முடிவாகிவிட்டது. திமுகதான் என்று.

ஏன் அவ்வளவு சீக்கிரம் என்று இளையவர்களுக்குத் தெரியாது. முந்தின வருஷம் ஜூன் 19-ஆம் தேதி கோடம்பாக்கத்தில் ஈழப் போராளி இயக்கமான ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவையும் அவர் இயக்கத்து ஆட்களையும் சுட்டுக் கொன்றார்கள். சுட்ட விடுதலைப் புலிகள் தப்பிப் போனார்கள். திமுக புலிகளுக்கு இடம் கொடுத்தது என்று சொல்லித்தான் ஜனவரியில் ஆட்சியையே கலைத்தார்கள். ஆகவே மே 21-ஆம் தேதி விசாரணை என்ற ஒன்று தொடங்குவதற்கு முன்பே தெருவில் தீர்ப்பு தயாராக இருந்தது.

எங்கள் அப்பா திமுக கிளைக்கழகத்தில் ஒரு சின்னப் பொறுப்பில் இருந்தார். டவுணில் எங்கள் வீட்டு முக்கில்தான் கொடிக்கம்பம். விடியற்காலை நாலு மணிக்குப் பெரியப்பா வந்து கதவைத் தட்டி, "எலே, வேட்டியை மாத்து" என்றார். கறுப்பு சிவப்புக் கரை வேட்டிகள் நாலையும் அம்மா சுருட்டி அரிசிச் சாக்குக்கு அடியில் வைத்தாள். அண்ணா படத்தைச் சுவரிலிருந்து இறக்கினோம். இறக்கின இடத்தில் சுவர் வெள்ளையாகச் சதுரமாகத் தெரிந்தது. அதை மறைக்க ஒரு காலண்டரை மாட்டினாள்.

காலையில் ஒரு கூட்டம் வந்தது. கொடிக்கம்பத்தைச் சாய்த்தார்கள். மாமா வைத்திருந்த சைக்கிள் கடையில் வாடகைச் சைக்கிள்களைத் தூக்கி வாய்க்காலில் போட்டார்கள். மாமாவுக்குக் கட்சியே கிடையாது, எங்கள் சொந்தக்காரர் என்பதுதான் அவர் செய்த குற்றம். அப்பா பக்கத்து வீட்டு மச்சில் ஒளிந்திருந்தார். அந்த வீட்டுக்காரர் அதிமுக. அவரே வாசலில் ஈசிசேரைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களிடம், "இங்க யாரும் இல்ல, போங்கடே" என்றார்.

இதில் யாரும் நம்பாத ஒரு விஷயம் உண்டு. அந்த மச்சில் இருந்தபடியே அப்பா அழுதிருக்கிறார். பக்கத்து வீட்டு ஆச்சி பிறகு சொன்னாள். அவருக்கு ராஜீவைப் பிடிக்காது, இலங்கைக்கு ராணுவத்தை அனுப்பியதில் ஏகக் கோபம். ஆனால் நாற்பத்தாறு வயது மனிதன், சிதறிப் போய்விட்டான் என்று கேட்டபோது தாங்கவில்லையாம்.

வள்ளியூர் பையன் எழுதியது:

ரத வீதி, உங்கள் வீட்டுக்கு நடந்தது தப்பு. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் வந்தவர்கள் எல்லாம் எங்கள் காங்கிரஸ் ஆட்கள் என்று நினைக்க வேண்டாம். இழவு வீட்டில் இலை பொறுக்க வருகிறவன் எல்லா ஊரிலும் இருப்பான்.

எங்கள் பக்கம் வேறு மாதிரி. வள்ளியூர், நாங்குநேரி, ராதாபுரம் பக்கமெல்லாம் காமராஜர் காலத்துக் காங்கிரஸ். டெல்லியில் யார் தலைவர் என்று பார்த்துக் கட்சியில் இருக்கிறவர்கள் இல்லை, தாத்தா இருந்தார், அப்பா இருந்தார், நாங்களும் இருக்கிறோம் என்கிற வகை. மறுநாள் காலை ஊர்ப் பொது இடத்தில் ஒரு மர நாற்காலி. அதில் ராஜீவ் படம், ஏதோ காலண்டரில் கத்தரித்தது. முன்னால் ஒரு குத்துவிளக்கு. மைக்செட் இல்லாமலே ஊர் கூடியது. அன்று சாயங்காலம் முப்பது நாற்பது பேர் மொட்டை போட்டார்கள். அப்பாவும் போட்டார். தாத்தா இறந்தபோது போட்டதற்கு அப்புறம் அப்போதுதான். அம்மன்கோயில் வரை மௌன ஊர்வலம். கோஷம் இல்லை, கல் இல்லை. திமுக வீடுகள் இருந்த தெரு வழியாகத்தான் போனோம். அந்த வீட்டுப் பெண்களும் வாசலில் நின்றார்கள்.

நாடகம் என்று சொல்கிற தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். கேமரா இல்லாத ஊரில் யாருக்கு நாடகம்?

செங்கோட்டை பாசஞ்சர் எழுதியது:

வைகாசி முகூர்த்தத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். மே 23, வியாழக்கிழமை, கடையத்தில் என் அக்கா கல்யாணம். மாப்பிள்ளை வீடு ராஜபாளையம். புதன்கிழமை பஸ் இல்லை, வேன் தர யாரும் தயாரில்லை, தந்தாலும் வழியில் கொளுத்திவிட்டால் யார் பொறுப்பு? கடைசியில் அவர்கள் வீட்டு ஆட்கள் இருபது பேர் மட்டும் ஒரு செங்கல் லாரியில், முன்னால் ராஜீவ் படத்தைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை டிரைவர் பக்கத்தில். படம் இருந்தால் மறிக்க மாட்டார்கள் என்று யாரோ யோசனை சொன்னார்களாம். வேலை செய்தது.

மேளத்தை மண்டபத்துக்குள்ளேயே மெதுவாக வாசித்தார்கள். கெட்டிமேளம் மட்டும் கெட்டிமேளம். மறுவீட்டுச் சொதிக்குக் காய் கிடைக்கவில்லை, சந்தை அடைப்பு. பீன்ஸ் இல்லை, காரட் இல்லை. தோட்டத்து முருங்கைக்காயும் வீட்டில் கிடந்த உருளைக்கிழங்கும் போட்டு, தேங்காய்ப்பாலை மட்டும் தாராளமாக ஊற்றி ஒரு சொதி. இஞ்சிப் பச்சடி இருந்ததால் மானம் தப்பியது. சாப்பிட வந்தவர்கள் தேர்தல் தள்ளிப் போகுமா போகாதா என்று பேசியபடியே சாப்பிட்டார்கள். டெல்லியில் வெள்ளிக்கிழமை தகனம். அதைப் பார்க்க டிவி இருந்த ஒரே வீட்டில் புது மாப்பிள்ளை பெண்ணையும் உட்கார வைத்தார்கள். அக்கா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள், "என் மறுவீடு ராஜீவ் காந்தி சாவு வீடு" என்று.

இன்னொன்று. பெரிய ஆளைக் கொன்றால் ஊருக்கு என்ன வரும் என்று எங்கள் செங்கோட்டைப் பக்கம் பழைய கதையே உண்டு. 1911 ஜூன் 17, மணியாச்சியில் கலெக்டர் ஆஷ். அதற்கப்புறம் நடந்த வீடு வீடான சோதனையை எங்கள் கொள்ளுத்தாத்தா காலத்து ஆட்கள்...

கொக்கிரகுளத்தான் எழுதியது:

ஆஷ் வேண்டாம் சார், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அது தனி இழை, அதில் சாதிச் சண்டை வேறு வரும். செங்கல் லாரிக் கதைக்கு நன்றி.

கடனாநதி எழுதியது:

எல்லோரும் உணர்ச்சியாக எழுதுகிறீர்கள், நான் கொஞ்சம் கணக்குப் பேசுகிறேன். "தமிழ்நாடே அழுதது" என்பதற்கு எப்போதும் காட்டுகிற சாட்சி ஜூன் மாதத் தேர்தல் முடிவு. அதிமுக, காங்கிரஸ் கூட்டணிக்கு 234-இல் 225. திமுகவுக்கு ரெண்டே ரெண்டு. துறைமுகம் தொகுதியில் கருணாநிதியே 890 ஓட்டில்தான் தப்பினார். மக்களவையில் 39-க்கு 39. அனுதாப அலை என்று எழுதி மூடிவிட்டார்கள்.

சரி, 1989 நவம்பரை எடுத்துப் பாருங்கள். அப்போது யாரும் சாகவில்லை. வடக்கே காங்கிரஸ் தோற்று ராஜீவ் பதவி இழந்த தேர்தல் அது. அதே அதிமுக, காங்கிரஸ் கூட்டணி தமிழ்நாட்டில் 39-இல் 38. அந்த வருஷம் ஜனவரியில் திமுக 150 இடம் வாங்கி ஆட்சிக்கு வந்ததே, எப்படி? எம்.ஜி.ஆர். போன பிறகு அதிமுக ரெண்டாக உடைந்து, காங்கிரஸும் தனியாக நின்றதால். மூன்றும் ஒன்று சேர்ந்தால் திமுகவுக்கு வழியில்லை என்பது குண்டு வெடிப்பதற்கு ஒன்றரை வருஷம் முன்பே தெரிந்த கணக்கு.

அலை இல்லை என்று நான் சொல்லவில்லை. வடக்கே மே 20-இல் ஓட்டுப் போட்ட இடங்களில் காங்கிரஸ் பட்ட பாட்டையும், ஜூனில் ஓட்டுப் போட்ட இடங்களில் எழுந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே அலை தெரியும். ஆனால் நம்ம ஊரில் ஜெயிக்கப் போகிற கூட்டணி இன்னும் பெரிதாக ஜெயித்தது, அவ்வளவுதான். ஓட்டை எண்ணிக் கண்ணீரை அளக்க முடியாது.

வள்ளியூர் பையன் எழுதியது:

38-க்கும் 39-க்கும் ஒன்றுதான் வித்தியாசம், ஒப்புக்கொள்கிறேன். சட்டசபையில் ரெண்டு இடம் என்பதற்கு உங்கள் கூட்டல் கணக்கு போதாது. துறைமுகத்தில் 890 ஓட்டு என்பது கணக்கால் வந்ததா?

கடனாநதி எழுதியது:

அது கோபத்தால் வந்தது. துக்கத்தால் அல்ல. ரத வீதி வீட்டுக் கொடிக்கம்பத்தைச் சாய்த்த அதே கோபம் பூத்துக்குள் போனது. ரெண்டும் கலந்தே இருந்தன, எது எத்தனை என்று நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது.

முக்கூடல் மருமகள் எழுதியது:

ஆண்கள் எல்லாம் கட்சியும் ஓட்டும் பேசுகிறீர்கள். நான் பீடி சுற்றின வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

கல்யாணமாகி முக்கூடல் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் தெருவில் எல்லா வீட்டுத் திண்ணையிலும் பீடித்தட்டு. அன்றன்றைக்குச் சுற்றினதைக் கட்டுப் போட்டு சாயங்காலம் பீடிக்கடையில் கொடுத்தால்தான் அடுத்த நாளுக்கு இலையும் தூளும் கிடைக்கும். புதன்கிழமை கடை திறக்கவில்லை, வியாழன் இல்லை, வெள்ளி இல்லை. நனைத்து வெட்டி வைத்த இலை காய்ந்து சுருண்டது. காய்ந்த இலையைச் சுற்றினால் உடையும், உடைந்ததைக் கடையில் கழித்துவிடுவார்கள், அந்த நஷ்டம் சுற்றினவள் தலையில். தலைவர் சாவுக்கு விடுமுறை என்றால் ஆபீஸில் இருப்பவர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை. எங்களுக்கு அரிசி இல்லாத விடுமுறை. இதைச் சொன்னால் துக்கம் இல்லாதவள் என்பார்கள், ஆனால் அதே திண்ணையில்தான் துக்கமும் இருந்தது.

எங்கள் மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாரோ கொண்டு வந்த பேப்பரில் அந்தப் படத்தைக் காட்டினார்கள். ஆளே அடையாளம் தெரியாமல், காலில் இருந்த வெள்ளை ஷூவை வைத்துத்தான் அவர் என்று கண்டுபிடித்தார்கள் என்று வாசித்துச் சொன்னார்கள். அத்தை தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து ரெண்டு பேர் வந்தார்கள். தம்பி ஆகாய விமானத்தில் போனான், தாயைத் தோட்டத்தில் சுட்டான், மூத்தவனை மாலை போட வந்தவள் முடித்தாள் என்று ஒப்பாரி. இட்டுக்கட்டித்தான் பாடினார்கள், அப்படியே வரிசையாக வந்தது. டெல்லியில் இருக்கிற குடும்பம் என்ற நினைப்பே இல்லை, அடுத்த தெருவில் மூன்று சாவு விழுந்த வீட்டைப் பாடுவதுபோலப் பாடினார்கள். அந்த வெள்ளைக்காரப் பெண்ணையும் ரெண்டு பிள்ளைகளையும் சொல்லி மார்பில் அடித்துக்கொண்டார்கள். அத்தை ஓட்டுப் போட்டதெல்லாம் உதயசூரியனுக்கு.

கொக்கிரகுளத்தான் தம்பி, "ஒருத்தரும் அழலை" என்கிற பையனை முக்கூடலுக்கு அனுப்பி வையுங்கள்.

மேலப்பாளையத்தான் எழுதியது:

எங்கள் பக்கம் அந்த ராத்திரி நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செய்தி வந்ததும் வாப்பா தொழுதுவிட்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். விடியும் வரை உள்ளே வரவில்லை. உம்மா கேட்டதற்கு, "நம்மாளுவ பேரு வந்துரக் கூடாது, அதான்" என்றார். காலையில் "புலிகளாம்" என்று பேச்சு வந்தபோது அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன். பார்த்ததை இப்போதுதான் வெளியே சொல்கிறேன். அந்த நிம்மதி வேறு யாரோ ஒருத்தருடைய தலையில் விடிந்தது என்பதும் அப்போதே புரிந்தது.

அவருக்கு அது அவர் வாப்பாவிடமிருந்து வந்த பயம். 1948 ஜனவரி 30 சாயங்காலம் காந்தியைச் சுட்டதும், டெல்லியில் முஸ்லிம்தான் சுட்டான் என்று கூட்டத்தில் கூச்சல் கிளம்பியிருக்கிறது. கொன்றவன் ஓர் இந்து என்று உடனே நாடு முழுக்கத் தெரியப்படுத்தியதால் எத்தனையோ உயிர் தப்பியது. பெரியவர் தறிக்காரர். அன்று ராத்திரி கதவைச் சாத்தி விளக்கை அணைத்து உட்கார்ந்திருந்ததை வாப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த மாசம் 12-ஆம் தேதி கன்னியாகுமரியில் காந்தி அஸ்தியைக் கரைத்தபோது அவரும் போய் வந்தாராம். இப்போது காந்தி மண்டபம் இருக்கிற இடம். அன்றைக்கு அது திருவிதாங்கூர் சமஸ்தானம். பயந்ததும் அவர்தான், அஸ்திக்குப் போனதும் அவர்தான்.

மன்னார்க்காரி எழுதியது:

வணக்கம். இந்த இழையை நான் சும்மா வாசித்துக்கொண்டு போகத்தான் நினைத்தேன். மேலப்பாளையம் அண்ணா எழுதினதை வாசித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த "வேறு யாரோ" நாங்கள்தான்.

1990-இல் சண்டை திரும்பத் தொடங்கினபோது தலைமன்னாரிலிருந்து படகில் வந்தோம். மண்டபம் முகாமில் கொஞ்ச நாள், அப்புறம் நெல்லைப் பக்கம் ஒரு முகாம். எனக்குப் பத்து வயது. அந்த ஒரு வருஷத்தில் ஊர்ச் சனம் எங்களை நன்றாகத்தான் வைத்திருந்தது. தைப்பொங்கலுக்கு அரிசியும் கரும்பும் கொண்டுவந்து தந்தார்கள்.

மே 22 காலையில் முகாமில் ஒருவரும் வெளியே போகவில்லை. கூலி வேலைக்குப் போன ஆட்களை மேஸ்திரியே பாதி வழியில் திருப்பி அனுப்பினார். "நாலு நாள் வராதீய, நான் சொல்லி அனுப்புதேன்" என்று. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பலசரக்குக் கடைக்காரர் கடன் கொடுத்தார், ஆனால் முன்கதவால் கொடுக்கவில்லை. அம்மா எங்களைக் கூப்பிட்டு, வெளியே போனால் எங்கட பேச்சுப் பேசக் கூடாது என்றார். கிணற்றடியில் ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டு "வாங்க அண்ணாச்சி", "சரிக்கா", "எவ்ளோவ்?" என்று பழகினோம். அந்தப் பழக்கம் இன்றைக்கும் போகவில்லை. லண்டனில் இருக்கிற மாமி என் தமிழைக் கேட்டு நான் யாழ்ப்பாணத்துக்காரியோ மன்னார்க்காரியோ இல்லை என்றே நினைத்தார்.

எங்களுக்கும் அந்தக் கொலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் முகாமில் ஆள் எண்ணுவது அடிக்கடி நடந்தது, பொலிஸ் வந்து பெயர் எழுதிக்கொண்டு போனது. கல்லூரியில் இடம் கிடைப்பது நின்றது, என் அண்ணன் படிப்பு அதோடு சரி. 1992 ஜனவரியிலிருந்து திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். பக்கத்து அறைக் குடும்பம் விருப்பம் என்று கையெழுத்து வைத்துப் போனது. விருப்பமா என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அப்பா அன்று ராஜீவுக்காக அழவில்லை. 1987-க்குப் பிறகு எங்கள் ஊரில் இந்திய ராணுவம் இருந்த காலத்தை அவர் மறக்கவில்லை. ஆனால் செய்தி கேட்டதும் அவர் சொன்ன ஒரே சொல், "எங்களை முடிச்சிட்டாங்கள்."

பாளை அண்ணாச்சி எழுதியது:

அம்மா, எழுதினதற்கு நன்றி. அந்த மேஸ்திரி மாதிரி ஆட்கள் எங்கள் தெருவிலும் இருந்தார்கள். நல்லவர்கள்தான், ஆனால் கொஞ்சம் தள்ளியே நின்ற நல்லவர்கள். நானும் அதே வகைதான்.

மட்டுறுத்துநர்:

இதற்குக் கீழே வந்த மூன்று பதிவுகள் நீக்கப்பட்டன. அகதிகளைத் திட்டுவதற்கு இங்கே இடமில்லை. இறந்தவரைத் திட்டுவதற்கும்தான்.

தேரிக்காடு எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம். அப்படி அழுத ஊர்தானே 2011-இல் ராஜீவ் கொலை வழக்குக் கைதிகள் மூவரின் தூக்குக்கு எதிராகத் தெருவுக்கு வந்தது? நாங்கள் அப்போது கல்லூரி. செப்டம்பர் 9 தூக்கு என்று நாள் குறித்ததும் பாளையில் வகுப்பைப் புறக்கணித்து உட்கார்ந்தோம். ஆகஸ்ட் 28-இல் காஞ்சிபுரத்தில் அதற்காகவே செங்கொடி என்ற இளம்பெண் தீக்குளித்தாள். ரெண்டு நாள் கழித்து சட்டசபையில் தண்டனையைக் குறைக்கச் சொல்லித் தீர்மானம். கொண்டு வந்தது யார்? 1991-இல் அதே கூட்டணியில் 225 இடம் வாங்கிய அம்மாதான். 20 வருஷத்தில் ஊரே மாறிவிட்டதா?

வள்ளியூர் பையன் எழுதியது:

ஊர் மாறவில்லை தம்பி, ஊரில் சத்தம் போடுகிறவர்கள் மாறினார்கள். 2011-இல் எங்கள் ஊரில் ஒருத்தரும் தெருவுக்கு வரவில்லை. அந்த மொட்டை போட்டவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து டிவியை அணைத்தார்கள். ராஜீவோடு செத்தவர்கள் இன்னும் குறைந்தது 14 பேர். பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரர்கள், கவிதை சொல்ல வந்த ஒரு சின்னப் பெண், அவள் அம்மா. அவர்கள் பெயரை உங்கள் பந்தலில் யாராவது சொன்னீர்களா? அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்தானே?

தேரிக்காடு எழுதியது:

சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். ராஜீவ் வழக்கை விசாரித்த தடா கோர்ட் 1998-இல் 26 பேருக்கும் தூக்கு என்றது. அடுத்த வருஷமே சுப்ரீம் கோர்ட் 19 பேரை வெளியே விட்டது. தெருவில் நடந்தது போலவே கோர்ட்டிலும் முதலில் கோபம்தான் தீர்ப்பு எழுதியது என்று நாங்கள் நினைத்தோம். அந்த மூவரில் ஒருவரான பேரறிவாளனைப் பிடிக்கும்போது வயது 19, ரெண்டு பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அது எதற்கு என்று அவருக்குத் தெரியாது என்று சொன்னதை வாக்குமூலத்தில் விட்டுவிட்டேன் என்று, எழுதி வாங்கிய அதிகாரியே 2013-இல் சொன்னார். 2022-இல் வெளியே வரும்போது 31 வருஷம் போயிருந்தது.

வள்ளியூர் பையன் எழுதியது:

அவர் வெளியே வந்ததில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. கட்டிப்பிடித்து இனிப்புக் கொடுத்ததில் இருக்கிறது. செத்த போலீஸ்காரர் வீட்டுப் பிள்ளை அதை டிவியில் பார்த்திருக்கும்.

முக்கூடல் மருமகள் எழுதியது:

அத்தை 2011-இல் உயிரோடுதான் இருந்தார்கள். டிவியில் பேரறிவாளனின் அம்மா அற்புதம்மாள் மகனுக்காக அலைவதைக் காட்டினார்கள். "இவளும் ஒரு தாய்தான, விட்டுறப்படாதா" என்றார்கள். ராஜீவ் மகள் பிரியங்கா வேலூர் சிறைக்குப் போய், அதே வழக்கில் தண்டனை பெற்ற நளினியைப் பார்த்தது அதற்கு முன்பே, 2008-இல். அதைச் சொன்னபோது, "பெத்த மவளே போய்ப் பாத்துட்டா, ஒனக்கு என்னவே?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார்கள். அவர் 1991-இல் கடையடைப்புக்குக் கூட்டத்தோடு போனவர். பதில் சொல்லவில்லை, வேறு சேனல் மாற்றினார்.

கடனாநதி எழுதியது:

கணக்கை முடித்து வைக்கிறேன். அந்த 225 ஐந்து வருஷம்தான் தாங்கியது. 1996-இல் நரசிம்மராவ் மறுபடியும் அதிமுகவோடு சேர்ந்ததும் காங்கிரஸ் தலைவர் மூப்பனார் வெளியே வந்து தமிழ் மாநில காங்கிரஸ் (தமாகா) தொடங்கி, திமுகவோடு கூட்டு வைத்தார். நம்ம பக்கத்துக் காங்கிரஸ்காரர்களில் பெரும்பாலோர் தமாகாவின் சைக்கிள் சின்னத்துக்குப் போனார்கள். ராஜீவ் படத்தையும் கருணாநிதி படத்தையும் ஒரே போஸ்டரில் அடித்தார்கள். ஜெயலலிதா பர்கூரிலேயே தோற்றார்.

கொக்கிரகுளத்தான் எழுதியது:

ரத வீதி, அந்தக் கொடிக்கம்பம் பிறகு என்ன ஆனது?

ரத வீதி எழுதியது:

1996-இல் ஜெயித்த மறுநாள் அதே முக்கில் நட்டோம். முன்னதைவிட நாலடி உயரம். குழி தோண்டினவர்களில் ரெண்டு பேர் 1991-இல் சாய்க்க வந்த கூட்டத்தில் இருந்தவர்கள், இப்போது தமாகா. ஒருத்தர் கடப்பாரையோடு, "ஆழமாத் தோண்டுங்கடே, போன தடவை ரெண்டு ஆட்டு ஆட்டினதும் வந்துட்டு" என்றார். அப்பாதான் முதலில் சிரித்தார். மாமாவுக்குச் சைக்கிள் காசு மட்டும் யாரும் தரவில்லை.

பாளை அண்ணாச்சி எழுதியது:

பேரை எழுதிராதேயும் வே. அதில் ஒருத்தர் இந்த இழையைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறார், மத்தியானம் போன் போட்டார்.